பருந்துக்குக் குஞ்சைக் கொடுக்காதீங்க

தேயிலைத் தோட்டத்துல லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்ல கோழி வளர்க்கிறவங்களுக்குப் பனி மூட்டம் ஒரு காவல். பனி விலகி வெயில் ஏறினதும் பருந்து வட்டம் போட ஆரம்பிச்சிடும். அதனால குஞ்சுகளைக் காலையில கொஞ்ச நேரம், அப்புறம் பொழுது சாயும்போது மேய விடுங்க. உச்சி வெயில்ல கூடைக்குள்ள இருக்கட்டும். ஓரம் பிஞ்ச பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, மேல ஒரு கல்லு வச்சாப் போதும்.

பக்கத்துத் தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டினா, அதாவது செடியோட கிளைகளைக் கழிச்சு விட்டா, கூடுதல் கவனம் வேணும். தேயிலை மூட்டுக்கு மேல இலை இல்ல, குஞ்சு ஒளிய இடமே கிடையாது. ஆனா அதே கவ்வாத்து மிலாறுதான் (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) கைகொடுக்கும். விறகுக்கு எடுத்ததுல ரெண்டு கட்டு ஒதுக்கி, முற்றத்துல அங்கங்க குடிசை மாதிரி சாய்ச்சு வைங்க. தாய்க்கோழி ஒரு தினுசா இழுத்துக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் அதுக்குள்ள பாயும். பின்னாலயே பருந்தால நுழைய முடியாது. சௌசௌ பந்தலும் நல்ல கூரைதான்.

பருந்தை விரட்டச் சிலர் பழைய சீடி கட்டித் தொங்கவிடுறாங்க. ரெண்டு மூணு நாள் மிரளும், பிறகு பழகிடும். தொங்கவிட்டா இடத்தை மாத்திக்கிட்டே இருங்க. வலை கட்டினா தொய்வில்லாம இழுத்துக் கட்டுங்க, தொய்ஞ்ச வலையில பறவை சிக்கிச் சாகும்.

கோபத்துல நஞ்சு வைக்காதீங்க. இலங்கையில பருந்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. அந்த நஞ்சைத் தின்னு சாகப்போறது பெரும்பாலும் லயத்து நாய்தான்.