விதானத்தில் நான்கு கண்டங்கள்: யார் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு) ஐரோப்பிய அரண்மனைகளில் அண்ணாந்து பார்த்தால் பல இடங்களில் நான்கு பெண்கள் தென்படுவார்கள். அவர்கள்தான் நான்கு கண்டங்கள். (ஆஸ்திரேலியாவைத் தேடாதீர்கள். அன்றைய ஐரோப்பியர் கணக்கில் அது சேரவில்லை.) பழகிப் பார்க்க ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் அரண்மனை போல வேறு இடமில்லை. அதன் மாடிப்படிக் கூடத்து விதானத்தில் வெனிஸ் ஓவியர் தியெபொலோ 1752-53இல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. இணையத்தில் தெளிவான படம் கிடைக்கும், திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கண் நேரே நடுவானத்தில் இருக்கும் கிரேக்கச் சூரியக் கடவுள் அப்பொலோவிடம்தான் ஓடும். அவரை அப்புறம் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு கண்டமாக நான்கும் விளிம்பில் இருக்கின்றன.

2. தலையைப் பாருங்கள். இறகுக் கிரீடம் என்றால் அமெரிக்கா. முதலைமேல் உட்கார்ந்திருக்கிறாள், அருகில் வெட்டுண்ட தலைகள். தியெபொலோ அமெரிக்காவுக்குப் போனதே இல்லை, எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

3. விலங்கை மட்டும் நம்பாதீர்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஓவியர்கள் கையேடாக வைத்திருந்த சேசரே ரீப்பாவின் ‘இக்கொனொலோஜியா’ 1603 பதிப்பில் ஒட்டகம் ஆசியாவுக்கு உரியது. ஆப்பிரிக்கா யானைத்தலை வடிவத் தலையணி அணிந்திருப்பாள். தியெபொலோவோ ஆசியாவை யானைமேல் ஏற்றி, ஒட்டகத்தை ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் உடை, நிறம், சுற்றியுள்ள ஆட்கள், பொருட்கள் என்று இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துப்போன பிறகே முடிவுக்கு வாருங்கள்.

4. மிச்சமிருப்பவள் ஐரோப்பா. பக்கத்தில் காளை நிற்கும். காளை வடிவில் வந்து ஐரோப்பா என்ற இளவரசியைத் தூக்கிச் சென்ற கடவுள் சேயுஸின் கிரேக்கக் கதை அது. அவள் மட்டும் விலங்கின்மேல் ஏறவில்லை. சுற்றிலும் இசை, ஓவியம், சிற்பம். மற்ற மூவருக்கும் விலங்கும் சரக்கும், இவளுக்குக் கலைகள்! வரைந்தவர் எந்த ஊர்க்காரர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

5. பணம் கொடுத்தவரைத் தேடுங்கள். ஐரோப்பாவுக்கு மேலே வானத்துக்குத் தூக்கிச் செல்லப்படும் உருவப்படம், ஊரை ஆண்ட இளவரசர்-ஆயர் கார்ல் பிலிப் ஃபான் கிரைஃபென்கிளாவினுடையது. கீழே பீரங்கிமேல் சாய்ந்திருப்பவர் அரண்மனையைக் கட்டிய பல்தாசர் நாய்மன். அவர் பீரங்கிப்படை அதிகாரியும்கூட. படியேறும் விருந்தாளிக்கு முதலில் தெரிவது அமெரிக்கா. பாதியில் திரும்பி ஏறும்போதுதான் ஐரோப்பாவும் ஆயரும் கண்ணில் படுவார்கள். வரிசை தற்செயலாக அமையவில்லை.

சரி, அடுத்த பயிற்சிக்கு ரோமின் புனித இக்னேஷியஸ் தேவாலய விதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இக்னேஷியஸ் நிறுவிய கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் சகோதரர் அந்திரேயா பொட்ஸோ வரைந்தது. அங்கே ஒளி கிறிஸ்துவிடமிருந்து இக்னேஷியஸ் வழியாக நான்கு கண்டங்களுக்கும் பாய்கிறது. ஐந்தாம் படியை அங்கே முதலிலேயே செய்துவிடலாம்.