கற்றாழைக் கன்றைப் பிரித்து நடும் முறை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கண்ணேறு படாதிருக்க வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணும் நீரும் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. அதையே தொட்டியில் நட்டு நாள்தோறும் நீர் ஊற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அழுகத் தொடங்கிவிடுகிறது. மடலுக்குள் நீரைச் சேமித்துக்கொண்டு, இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும் செடி அது. ஆகையால், கன்று நடும்போது நீரைக் காட்டிலும் காயம் உலர்வதிலேயே கவனம் வைக்க வேண்டும்.

மடலை ஒடித்து மண்ணில் ஊன்றினால் முளைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சோற்றுக்கற்றாழையின் மடல் முழுவதும் நீர்ப்பசையான சோறு என்பதால், அது வேர்விடுவதற்கு முன்பே பெரும்பாலும் அழுகிவிடும். தாய்ச்செடியின் அடியைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றே நம்பத்தக்கது. ஒரு சாண் உயரமும் நான்கைந்து மடல்களும் வந்த பிறகே அதைப் பிரிக்க வேண்டும். அதைவிடச் சிறியதற்குப் பெரும்பாலும் சொந்த வேர் இருக்காது.

பிரிப்பதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நீரை நிறுத்திவிட்டு, தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுக்கவும். மண்ணை விரலால் உதிர்த்தால், கன்றைத் தாயோடு இணைக்கும் வெளிறிய தண்டு தெரியும். கன்றின் வேர்கள் கன்றோடு வரும்படி, நன்றாகத் துடைத்த கத்தியால் அந்தத் தண்டை ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். கையால் பிய்த்தால் அடிமடல் கிழிந்து அங்கிருந்தே அழுகல் தொடங்கும். மடலில் கீறல் பட்டால் கசியும் மஞ்சள் பால் துணியில் கறையாகும் என்பதால், பழைய துணி உடுத்திக்கொண்டு வேலை செய்வது நல்லது.

வெட்டிய கன்றை உடனே நடக் கூடாது. வெயில் படாத திண்ணை ஓரத்தில் ஒரு செய்தித்தாளின் மேல் இரண்டு மூன்று நாள் கிடத்திவைத்தால், ஈரமாகப் பளபளத்த வெட்டுவாய் சுருங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத மெல்லிய தோலாக மாறும். மழைக்காலத்தில் இதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். மடல் சற்று வதங்கினாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் ஊர்ச் செம்மண் தனியாக இருந்தால் காய்ந்தபின் இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணம் அரைப் பங்கு என்று கலந்தால் நீர் தேங்காது. மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் சேர்ப்பவர்கள் அதன் மாவுத்தூளைச் சலித்து நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அது அடியில் படிந்து துளையை அடைத்துக்கொள்ளும். தொட்டி மண்தொட்டியாக இருப்பதே சிறப்பு. கன்றின் அடிப்பகுதி மட்டும் புதையும்படி நட்டு, மண்ணை அழுத்தி, ஐந்தாறு நாள் கழித்து முதல் நீர் ஊற்றவும். அதன்பின் இரண்டு விரற்கடை ஆழம்வரை மண் காய்ந்திருந்தால் மட்டுமே அடுத்த நீர்.

செட்டிநாட்டு வீடுகளில் தொட்டி வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். நான்கு பக்க ஓட்டுக்கூரையின் மழைநீரும் முற்றத்துக்குள் விழும்படி கட்டப்பட்ட வீடுகள் இவை. ஓர் ஐப்பசியில் நான் ஆறு தொட்டிகளை முற்றத்து ஓரம் வரிசையாக வைத்திருந்தேன்; கூரைநீர் நேரே அவற்றில் கொட்டியதால், பத்தே நாளில் ஐந்து கன்றுகள் அடியில் பழுப்பேறிக் கூழாகிப்போயின. மழை முடிந்த தை, மாசியில் நடுவதே எனக்குச் சரிப்பட்டு வருகிறது. சித்திரை வெயில் நேராகப் பட்டால் இளங்கன்றின் மடல் சிவந்துவிடும் என்பதால், காலை வெயில் மட்டும் விழும் இடம் போதும். ஈரத் தொட்டியை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாக வைத்தால் வட்டக் கறை படியக்கூடும். அடியில் ஒரு தட்டு வைத்து, அதில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடவும்.

மூன்று நான்கு வாரத்தில் கன்றை மெல்ல அசைத்துப் பார்த்தால், வேர் பிடித்தது ஆடாமல் நிற்கும். சிறிது நாளில் நடுக்குருத்து வெளிர்ப்பச்சையாக நீளும். ஆண்டுக்கணக்காகியும் கன்று ஈனாத தாய்ச்செடி இருந்தால், அதன் தலைப்பகுதியைக் கொஞ்சம் தண்டோடு வெட்டி, உலர்த்தித் தனியே நட்டுவிடலாம். தொட்டியிலேயே நிற்கும் அடித்தண்டு, குருத்தை இழந்ததால், நாளடைவில் பக்கவாட்டில் புதுக் கன்றுகளை விடும்.