டீஷர்ட், நைட் பேண்ட் அடி மடிக்க வீட்டு மெஷினே போதும்

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் டீஷர்ட்டும் நைட் பேண்ட்டும் மலிவாகக் கிடைத்துவிடும், ஆனால் நீளம் நமக்கென்று அளந்தா வரும்? வெட்டி மடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கே தையல் விட்டு விட்டு விழும். எனக்கு அப்படி ஆனபோது மெஷின்தான் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை வரச்சொல்லி, டீயும் கொடுத்து, காசும் கொடுத்தேன். கோளாறு ஊசியில் இருந்தது.

பனியன் துணி நெய்தது இல்லைங்க, பின்னியது. நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கும். சாதா ஊசியின் கூர்முனை அந்த வளையத்தைக் குத்தி அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது, நாலு தடவை துவைத்த பிறகு தையலோரம் வரிசையாகப் பொத்தல் விழும்போதுதான் தெரியும். பால் பாயின்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். அதன் முனை லேசாக உருண்டிருப்பதால் வளையத்தை விலக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய டீஷர்ட்டுக்கு 75/11 நம்பர் ஊசி, தடித்த துணிக்கு 90/14. லைக்ரா கலந்த லெக்கிங்ஸ் துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி என்றே தனியாக இருக்கிறது. தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் நம் ஊர்க் கடைகளில் கம்பெனி மெஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசியும் கிடக்கும், அது வீட்டு மெஷினுக்கு ஆகாது. நூல், பாலியஸ்டர்.

வெட்டுவதற்கு முன் ஒரு தடவை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். காட்டன் பனியன் துணி நீளவாக்கில் சுருங்கும். மடித்துத் தைத்த பிறகு துவைத்து, கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன பேண்ட் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. தம்பி இன்னும் சொல்லிக்காட்டுவான்.

அடுத்த தொல்லை, சிங்கிள் ஜெர்சி, அதாவது டீஷர்ட்டுக்கு வரும் சாதா பனியன் துணி, வெட்டியதும் ஓரம் பாய் மாதிரி சுருட்டிக்கொள்ளும். இதற்கு அம்மா காட்டிய வழிதான் எனக்குச் சரிப்பட்டது: சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தடவி, காய்ந்ததும் இஸ்திரி போட்டால் அட்டை போல நிற்கும், துவைத்தால் போய்விடும். ஒரே மடிப்பு, முக்கால் அங்குலம் போதும். இந்தத் துணி ஓரத்தில் நூல் பிரியாது, இரண்டாம் மடிப்பு போட்டால் தடித்துக்கொண்டு நிற்கும்.

ஊசி இடமும் வலமும் நகர்ந்து தைக்கும் ஜிக்ஜாக் மெஷின் வைத்திருப்பவர்கள் தையலின் அகலம் 1, நீளம் 2.5 வைத்து, துணியை இழுக்காமல் அது போகிற போக்கில் விட்டுவிட வேண்டும். இழுத்தால் அடிப்பக்கம் அலை அலையாக நிற்கும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். பனியன் கம்பெனியில் பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மெஷினில் போடுவது போல இரண்டு வரிசை வேண்டுமென்றால், 4 மி.மீ. இரட்டை ஊசி மாட்டி, மேலே இரண்டு நூல்கண்டு வைத்து, துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி தைக்கலாம். அடியில் பாபின் நூல் தானாகவே வளைந்து வளைந்து ஓடுவதால் நன்றாக இழுபடும்.

நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கால்மெஷினில் இரட்டை ஊசியை மாட்டவே கூடாது. தகட்டில் இருப்பது ஒரே சின்னத் துளை, இடித்து உடைந்துவிடும். அதில் மட்டும் துணியை இழுத்துத் தைப்பதுதான் வழி. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் வைத்து, மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலும் பிடித்து ஒரே சீராக, லேசாக. விட்டதும் துணி சுருங்கும், நூல் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சம்தான் போடும்போது அறுந்துபோகாமல் காப்பாற்றும்.

எந்த மெஷினானாலும் வெட்டிய துண்டிலேயே முதலில் தைத்து இழுத்துப் பாருங்கள். படக்கென்று அறுந்தால் நூல் இன்னும் தளர வேண்டும். எல்லாம் முடிந்தும் அலை நின்றால் பிரிக்க அவசரப்படாதீர்கள், ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி, மாற்றுகிற வேலை மட்டும் வீட்டில் வேண்டாம், தெருவில் ஓவர்லாக் (ஓரம் அடிக்கும்) மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.