ஆழமான சோபாவில் வந்த இடுப்பு வலி, நான் சரிசெய்த விதம்

காலை மடக்கிப் போட்டுச் சாய்ந்து கிடக்கலாம் என்றுதான் ஆழமான சோபா வாங்கினேன், இரண்டே வாரத்தில் இடுப்பு வலி. டேப் வைத்து அளந்த பிறகுதான் காரணம் புரிந்தது: இருக்கையின் ஆழம் 65 செ.மீ., இடுப்பின் பின்பக்கத்திலிருந்து என் முழங்கால் மடிப்பு வரை வெறும் 49 செ.மீ. அதனால் முதுகு சாய்மானத்தைத் தொட்டால் பாதம் தரையில் படாது, பாதம் பட்டால் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம், கீழ் முதுகு வளைந்தே இருக்கும்.

முதலில் மெத்தென்ற தலையணை வைத்தேன், அமுங்கிப் போனது. அப்புறம் 20 செ.மீ. தடிமனில் நல்ல கெட்டியான திண்டு ஒன்று செய்து வைத்தேன், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி கிடைத்தது, வலி போயிற்று. படுக்க வேண்டுமென்றால் திண்டை எடுத்துவிடுவேன், அந்த ஆழம் அப்போது சுகம்!

புதிதாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து கடையில் பத்து நிமிடமாவது செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிக் கிடப்பீர்களோ அப்படியே சாய்ந்து பாருங்கள். ஃபோமின் அடர்த்தியையும் கேளுங்கள். கையால் அழுத்தினால் மென்மையும் கடினமும்தான் தெரியும், அடர்த்தி தெரியாது, அது குறைந்தால் இருக்கையில் சீக்கிரமே பள்ளம் விழுந்துவிடும்.