ஆண்டின் சிறந்த கார் விருது: கார் வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சம்பா அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் இரண்டு விசாரணை சூடுபிடிக்கும். ஒன்று பெண்ணுக்கு வரன், இன்னொன்று கார். நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக்குப் பணம் கணக்கில் ஏறியதும், வரனுக்குத் தரகரிடம் போகிறவர்கள் காருக்கு என்னிடம் வருவார்கள். நான் கார் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்து கார் பத்திரிகை படிக்கிற பழக்கம், அவ்வளவுதான். அதை வைத்துப் பாபநாசம் தொடங்கி மன்னார்குடி வரை சொந்தக்காரர்களுக்கு நான் "காரைப் பத்தித் தெரிஞ்ச பையன்". தலை நரைத்த பிறகும் பையன்தான்.

இந்த வருஷம் சித்தப்பா வந்தார். கையில் ஷோரூமில் கொடுத்த நோட்டீஸ். அதில் காரைவிடப் பெரிதாக ஒரு தங்கநிறக் கோப்பைப் படம், பக்கத்தில் "ஆண்டின் சிறந்த கார்".

"கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடலாம்ல?"

"விருது யார் கொடுத்தது சித்தப்பா?"

"யாரு குடுப்பா? கவர்மென்ட்டுதான் குடுத்திருக்கும்."

அரசாங்கம் கொடுப்பதாக நினைப்பதுதான் முதல் தவறு. இது சித்தப்பா மட்டும் செய்கிற தவறில்லை. நாம் பார்க்கிற பெரிய விருதுகள் எல்லாமே மோட்டார் பத்திரிகையாளர்கள் கொடுப்பவை. அமெரிக்காவில் மோட்டார் டிரெண்ட் என்ற ஒரே பத்திரிகை 1949 முதல் கொடுத்து வருகிறது. முதல் விருது காடிலாக்குக்கு. ஆஸ்திரேலியாவின் வீல்ஸ் பத்திரிகை 1963-ல் தொடங்கியது. தகுதியான வண்டி இல்லையென்று சில ஆண்டுகளில் விருதே கொடுக்காமல் விட்ட பத்திரிகை அது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு. ஐரோப்பிய விருது 1964-ல் ரோவர் 2000 காரோடு ஆரம்பித்தது. ஜப்பானில் 1980, தென்னாப்பிரிக்காவில் 1986, வட அமெரிக்க நடுவர் குழுவின் விருது 1994. நம் நாட்டில் ஐகாட்டி என்று சுருக்கிச் சொல்லும் இந்திய விருது 2006-ல் மாருதி ஸ்விஃப்டுக்கு முதன்முதலாகப் போனது. இவை தவிர, டிவி சேனலும் இணையதளமும் ஆளுக்கொரு கோப்பை வைத்திருக்கின்றன. "ஆண்டின் சிறந்த கார்" என்ற சொல் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. எனவே நோட்டீசைப் பார்த்ததும் தேட வேண்டியது கோப்பையை இல்லை, அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய விருதில் இறுதிப் பட்டியலுக்கு ஏழு கார்கள் வரும். ஒவ்வொரு நடுவர் கையிலும் 25 புள்ளி. அதைக் குறைந்தது ஐந்து கார்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு காருக்கு 10-க்கு மேல் கொடுக்கக் கூடாது. தன் பட்டியலில் முதலிடத்தை இரண்டு கார்களுக்குப் பங்கு போடவும் கூடாது. 2019-ல் ஜாகுவார் ஐ-பேஸ், ஆல்பின் ஏ110 இரண்டும் தலா 250 புள்ளியில் வந்து நின்றன. முதலிடம் கொடுத்த நடுவர்கள் யாருக்கு அதிகம் என்று எண்ணித்தான் ஜாகுவாரை ஜெயிக்க வைத்தார்கள். மின்சார எஸ்யூவி ஒன்று, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இப்படித்தான் ஆகும். பொன்னி அரிசியா, கும்பகோணம் வெற்றிலையா, எது உசத்தி என்று ஓட்டு எடுப்பது மாதிரி.

வருஷக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 2025-க்கான இந்திய விருதை வாங்கிய மஹிந்திரா தார் ராக்ஸ் விற்பனைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 15-ல். 2024-க்கான விருதை வாங்கிய ஹூண்டாய் எக்ஸ்டர் வந்தது 2023 ஜூலையில். அதோடு, போட்டி அந்தக் காலத்தில் புதிதாக வந்த வண்டிகளுக்குள் மட்டும்தான். நாலைந்து வருஷமாக ஓடி நல்ல பேர் எடுத்த வண்டி பந்தயத்திலேயே கிடையாது. புதிதாக வந்தவை சுமாராக இருந்த வருஷத்திலும் ஒன்று ஜெயித்துத்தான் ஆகும், வீல்ஸ் மாதிரி கைவிரிக்கிற துணிச்சல் இல்லாவிட்டால்.

"உலக" என்ற சொல்லைப் பார்த்து மயங்குவது அடுத்தது. உலகக் கார் விருது 2005-ல் ஆடி ஏ6 காருக்கு முதலில் கொடுக்கப்பட்டது. 2020-ல் அதை வாங்கிய கியா டெல்லுரைட் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பெரிய எஸ்யூவி. நம் ஊர் ஷோரூமில் அதைப் பார்க்கவே முடியாது. 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக விருது ஃபோக்ஸ்வாகன் ஐடி.4, ஐரோப்பிய விருது டொயோட்டா யாரிஸ், இந்திய விருது ஹூண்டாய் ஐ20. ஒரே வருஷம், மூன்று "சிறந்த கார்".

அதே யாரிஸில் இன்னொரு கூத்து. ஐரோப்பாவில் ஜெயித்தது குட்டையான ஹேட்ச்பேக். இங்கே யாரிஸ் என்ற பெயரில் 2018 முதல் விற்றது வேறொரு வண்டி, டிக்கி வைத்த செடான். அங்கே மாலை போட்ட அதே 2021-ல் இங்கே யாரிஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பெயர் ஒன்று என்பதால் வண்டி ஒன்றாகிவிடாது. ஊரில் நாலு ராமலிங்கம் இருந்தால் கடன் வாங்கியது எந்த ராமலிங்கம் என்று கேட்கிறோம் இல்லையா, அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

இதுவரை சொன்னதில் தவறு செய்தால் பணம்தான் போகும். இனி சொல்லப்போவது உயிர் சமாச்சாரம்.

விருது வாங்கிய கார் என்றால் பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். 2014 ஜனவரி இறுதியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத ஆரம்ப வேரியன்ட்கள், அதாவது அந்தந்த மாடலிலேயே வசதி குறைந்த, விலை குறைந்த வகைகள். பாதுகாப்புக்கு ஐந்து ஸ்டார் வரை கொடுக்கும் அந்தச் சோதனையில் ஐந்து கார்களுக்கும் பூஜ்ஜியம். இப்போது விருதுப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். ஐ10 2008-ன் இந்திய விருது வாங்கியது. நானோ 2010, ஃபிகோ 2011. போலோவோ 2010-ன் உலகக் கார். 2014 நவம்பரில் சோதித்த ஸ்விஃப்டுக்கும் பூஜ்ஜியம்தான், அது 2012-ன் இந்திய விருது. நடுவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் கொடுத்தது மோதல் சோதனைச் சான்று கிடையாது. இந்திய விருதில் பாதுகாப்பும் ஒரு அம்சம்தான், ஆனால் விலை, மைலேஜ், தோற்றம், சொகுசு, ஓட்டும் விதம், புதிய தொழில்நுட்பம், கொடுக்கிற காசுக்கு மதிப்பு என்று பல அம்சங்களுக்கு நடுவில் அதுவும் ஒன்று.

போலோ கதையை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். ஐரோப்பாவில் அதே தலைமுறை போலோ 2009-லேயே ஐந்து ஸ்டார் வாங்கியிருந்தது. இங்கே பூஜ்ஜியம் வந்ததும் கம்பெனி ஏர்பேக் இல்லாத வேரியன்டை நிறுத்தியது. இரண்டு ஏர்பேக் வைத்த இந்திய போலோ அதே சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது. ஆக, விருது மாடல் பெயருக்கு, உயிர் காப்பது வேரியன்ட். பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்க்கக் கம்பெனி அனுப்புவது பெரும்பாலும் டாப் மாடல். நாம் பட்ஜெட்டுக்காக எடுப்பது அதிலிருந்து இரண்டு படி கீழே. இன்று நிலைமை மாறியிருக்கிறது. முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் நம் நாட்டிலேயே மோதிப் பார்த்து ஸ்டார் கொடுக்கிறது. அந்த ஸ்டாரைத் தனியாகப் பாருங்கள். எந்த வேரியன்டைச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீடித்து உழைக்குமா என்ற கேள்விக்கும் விருதில் பதில் கிடையாது. நடுவர்கள் ஓட்டுவது சில நாள், நாம் ஓட்டுவது பத்து வருஷம். ஐரோப்பாவின் 1968 விருது என்எஸ்யு ஆர்ஓ 80 காருக்குப் போனது. அதில் இருந்தது சுழல் இயந்திரம், பிஸ்டன் மேலும் கீழும் போகாத வான்கெல் வகை. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். ஆனால் உள்ளே சுழலும் பாகத்தின் முனையில் இருந்த சீல் சீக்கிரமே தேய்ந்தது. வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி தேய்ந்தது. 1969-ல் அது ஃபோக்ஸ்வாகன் குடையின் கீழ் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் மோட்டார் டிரெண்டின் 1971 விருது செவ்ரோலே வேகாவுக்கு. அலுமினிய இன்ஜின் சூடேறிக் கெட்டது, பாடி துருப்பிடித்தது, அந்தப் பெயரே கேலிக்கு ஆளானது. இங்கே ஃபிகோ கதை வேறு விதம். ஃபிகோ ஓட்டியவர்கள் இன்றும் அதை மெச்சுவார்கள். ஆனால் ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. கோப்பையைக் காட்டி ரீசேல் விலை கேட்க முடியுமா?

வாசகர் ஓட்டில் வரும் விருதுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஜெர்மனியின் ஏடிஏசி என்ற மாபெரும் வாகன ஓட்டிகள் சங்கம், 2014-ல் மக்களின் விருப்பக் கார் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று சொல்லி 34,299 ஓட்டு என்று கணக்குக் காட்டியது. உண்மையில் விழுந்தது 3,409. பத்தால் பெருக்கியதுபோல ஒரு கணக்கு! சங்கத் தலைவரே பதவி விலக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் பசுமைக் கார் விருது வாங்கிய 2009 ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டிடிஐ, 2010 ஆடி ஏ3 டிடிஐ என்ற டீசல் கார்கள் இரண்டிடமிருந்தும் 2015-ல் விருது பறிக்கப்பட்டது. புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வண்டிக்குள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் கேட்டதும் சித்தப்பா, "அப்ப எல்லாம் காசு குடுத்து வாங்குறதுதான்னு சொல்லு" என்றார். அதுவும் தவறுதான், இந்தப் பக்கம் சாய்ந்த தவறு. ஐரோப்பிய நடுவர் ஒவ்வொருவரும் எந்தக் காருக்கு எத்தனை புள்ளி கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பது வெளிப்படையாக வெளியாகிறது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பத்திரிகையாளர்கள் பெயர் போட்டுச் சொல்கிற கருத்து அது. ஜெயித்த காரை மட்டும் பார்த்துவிட்டுத் தோற்ற ஆறையும் அந்தக் காரணங்களையும் படிக்காமல் விடுவதுதான் வீண். இறுதிப் பட்டியல் என்பது ஓசியில் கிடைக்கிற ஒரு நல்ல சல்லடை. இந்திய விருதின் பட்டியலையும் நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன். அதிலிருந்து மூன்று வண்டியைப் பொறுக்கிக்கொள்வேன். அப்புறம் கோப்பையை மறந்துவிடுவேன்.

பிறகு நம்ம ஊர்க் கேள்விகளுக்கு வர வேண்டும். எந்த நடுவரும் கேட்காத கேள்விகள். மாசி, பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறித்தான் காய் உடைய வேண்டும். அறுவடை நேரத்தில் வைக்கோல் கிடக்கும். தாழ்ந்த வண்டி என்றால் அது அடியில் சுருட்டிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளக்கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பி ரோட்டில் வழியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமென்றால் உப்புக்காற்று. வயல் எலி ராத்திரியில் பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடிக்கும். என் வண்டியில் ஒரே மாதத்தில் இரண்டு முறை கடித்தது, அந்தச் செலவில் ஒரு பசு மாட்டுக்கு வைக்கோல் போட்டிருக்கலாம். சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரில் இருக்கிறதா, திருச்சி வரை போக வேண்டுமா? ஆற்றங்கரை ரோட்டில் எதிரே நெல் லாரி வந்தால் ஒதுங்க வண்டியின் அகலம் இடம் கொடுக்குமா?

சித்தப்பாவிடம் மூன்று வேலை சொன்னேன். விருதைக் கொடுத்தது யார், எந்த வருஷம், எந்த மாடலுக்கு என்று ஷோரூமில் எழுதி வாங்க வேண்டும். டெஸ்ட் டிரைவை பைபாஸில் முடித்துக்கொள்ளாமல் வீடு வரை ஓட்டி வர வேண்டும். வரும்போது சின்னம்மாவையும் அப்பாயியையும் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

அடுத்த வாரம் போன் செய்தார். வண்டி மதகுத் திருப்பத்தில் ஒரே வளைப்பில் திரும்பவில்லையாம். அப்பாயிக்குக் கால் தூக்கி ஏற முடியாமல் மணைப்பலகை போட வேண்டியிருந்ததாம். விருது விவரத்தை ஷோரூம் பையன் மேனேஜரிடம் கேட்டு, மேனேஜர் யாருக்கோ போன் போட்டு, கடைசியில் அது இதற்கு முந்தைய மாடலுக்குக் கொடுத்தது என்று தெரியவந்ததாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. சரி தம்பி, விருது பழைய மாடலுக்குன்னா விலையும் பழைய மாடல் விலையே போட்டுடுங்கன்னேன். இன்னும் ஒண்ணும் சொல்லல."