கார் ஸ்டீரியோவில் புகுந்த கொசு ரீங்காரம்

மியூசிக் பிளேயரில் உள்ள பாட்டுகளைக் கார் ஸ்டீரியோவில் கேட்பதற்காக, தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோவை வெளியே இழுத்தேன். பர்மா பஜாரில் வாங்கிய, ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் ஆடியோ கருவிகளை இணைக்கும் இரண்டு ஆர்சிஏ பின்களும் கொண்ட கேபிளின் ஆர்சிஏ முனைகளை, ஸ்டீரியோவின் பின்புறம் 'ஆக்ஸ் இன்' (வெளிக்கருவியின் ஒலியை உள்வாங்கும் வழி) என்றிருந்த துளைகளிலும், 3.5 மி.மீ. பின்னைப் பிளேயரிலும் செருகினேன். (முதலில் பக்கத்திலிருந்த 'அவுட்' துளைகளில் செருகிவிட்டு, ஒலி வரவில்லையே என்று விழித்தது தனிக்கதை.)

பாட்டு தெளிவாகக் கேட்டது. ஆனால் பிளேயரை லைட்டர் சாக்கெட் சார்ஜரில் போட்டதும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கொசு ரீங்காரம் போல ஓர் இரைச்சல் ஏறியது. சார்ஜரைப் பிடுங்கினால் அது நின்றது. ஆகவே கேபிளில் குறையில்லை, சார்ஜர் வழியாகவும் ஆடியோ கேபிள் வழியாகவும் எர்த் இணைப்பு இரட்டிப்பாகி ஒரு வளையமாக (கிரவுண்ட் லூப்) மாறி, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் உள்ளே நுழைகிறது என்று புரிந்தது. அந்த வளையத்தைத் துண்டிக்க, சிறிய டிரான்ஸ்பார்மர்கள் அடங்கிய கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை ஆடியோ கேபிளின் இடையே சேர்த்தேன். இப்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் மட்டுமே குறுக்கிடுகிறது.