நாகர்கோவில் பக்கம் பேசப் பழக

1956 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர், அதனால் பேச்சில் மலையாள வாடை உண்டு. 'மக்கா'வில் தொடங்குங்கள். நண்பனை அழைக்கலாம், பெரியவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சவும் அதுவே. ஆனால் பெரியவர்களை நீங்கள் 'மக்கா' என்றால் முறைப்பார்கள், 'அண்ணாச்சி' போதும்.

'கொள்ளாம்' என்றால் நன்றாயிருக்கிறது. இழுத்து 'கொள்ளாமே' என்றால் கிண்டல், எனவே மீன்குழம்பு பரிமாறியவரிடம் வெட்டிச் சொல்லுங்கள்.

'சாடு' என்றால் குதி. 'பைய' என்றால் மெதுவாக.

கவனம் வேண்டியது 'சவம்'. 'சவத்த விடு மக்கா' என்பது சலிப்பு, பிணத்தைப் பற்றிய பேச்சல்ல. சாவு வீட்டில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் நாடக வசனமாகிவிடும். ஒன்றிரண்டு தூவினால் போதும்.